பின்கதவுப் பேரவை

மனித குலம் இதுவரை கண்ட முன்னேற்றம் அனைத்தும் பின்கதவு வழியாகவே வந்தது என்பது என் ஆழ்ந்த கருத்து. வேலை, பதவி உயர்வு, பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரியில் கட்டில் என்று எதை எடுத்துக்கொண்டாலும், முன்கதவில் நின்றவர்கள் இன்னும் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் பின்கதவையே ஒரு விஞ்ஞானமாக வளர்த்து, அதற்கென்று ஒரு பேரவை அமைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் முன் நின்று தவம் செய்த ஒரே மனிதர் என் மாமாதான். அதாவது, என் அக்காவின் கணவர். தவம் நடந்தது அவருடைய ஜீப்பின் பின்கதவுக்கு முன்னால்.

மாமா பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வாளியின் கைப்பிடி ஒழுங்காக மடங்குகிறதா, மூடி 'டக்' என்று உட்காருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அந்த 'டக்' அவர் ரத்தத்தில் கலந்துவிட்டது. வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவை மூடினாலும் காதைச் சாய்த்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்வார். தலையில் நரை தட்டும் வயதில் சிலருக்கு ஞானம் வரும். சிலருக்கு ஜீப் வரும். மாமாவுக்கு ஜீப் வந்தது.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மலை ஏறும், ஆறு தாண்டும், சேற்றில் நீந்தும் என்று விற்றவர் சொன்னார். வாங்கிய நாள் முதல் அது ஏறிய மிக உயரமான இடம் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேகத்தடை. அதையும் மாமா அலட்சியமாக ஏறிவிடவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து கோணம் பார்த்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஏறினார். ஏறி இறங்கியதும், "பார்த்தியா மச்சான், வண்டி மூச்சே விடலை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் விடவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நோயாளியிடம் குடும்பக் கதை கேட்டுக்கொண்டே இருப்பாள். ஊசி எப்போது போனது, எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. எங்கள் ஊருக்கு மேலே மலையில் ஒரு ஏரி உண்டு. தார் ரோடு பாதி வழியோடு சரி. அதற்கு மேல் கல்லும் சேறும்தான். கல்யாணமான புதிதில் அங்கே கூட்டிப்போகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது அவரிடம் இருந்தது ஸ்கூட்டர். "ஸ்கூட்டர் ஏறாதும்மா" என்றார். நியாயம்தான். பிறகு அக்காவும் ஓட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு கார் வந்தது. "அடி தட்டும்மா" என்றார். அதுவும் நியாயம். ஜீப் வந்த அன்று அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பரணிலிருந்து சாப்பாட்டு டப்பாக்களை இறக்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"போகலாம், தாராளமா போகலாம்" என்றார் மாமா. "ஆனா அங்க போய் டீயை எது மேல வைக்கிறது?"

"கையில வெச்சுக்கலாம்" என்றாள் அக்கா.

பொருட்காட்சியில் கற்கால மனுஷியின் பொம்மையைப் பார்ப்பதுபோல மாமா அவளைப் பார்த்தார். முந்தின நாள் அவர் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அதில் தாடிக்காரர் ஒருவர் அருவிக்கரையில் ஜீப்பை நிறுத்துகிறார். பின்கதவைத் திறக்கிறார். கதவின் உட்புறத்திலிருந்து ஒரு மேசை மடிந்து இறங்குகிறது. 'டக்'. அதன்மேல் கோப்பையை வைத்துவிட்டு அவர் அருவியைப் பார்க்கிறார். மாமா அருவியைப் பார்க்கவில்லை.

"அது கடையிலயே கிடைக்குமே மாமா" என்றேன்.

"கிடைக்கும். வாங்கினா அது சாமான். நாமளே செஞ்சா அது டிசைன்."

அன்றே கார் கொட்டகை 'ஆராய்ச்சிக் கூடம்' ஆயிற்று. நான் 'சோதனை அதிகாரி' ஆனேன். சோதனை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பதை அந்தப் பதவியில் அமர்ந்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

முதல் முன்மாதிரி அட்டையில் உருவாயிற்று. டிவி வந்த பெட்டியை அறுத்து, டேப் ஒட்டி, கதவில் மாட்டினார். ஜம்மென்று இறங்கியது. அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். அட்டை மரியாதையாகத் தலை வணங்க, டீ என் சட்டையில் இறங்கியது.

"இது தோல்வி இல்ல மச்சான். தகவல்" என்றார்.

அந்தத் தகவல் எத்தனை துவைத்தும் போகவில்லை.

அடுத்தது பிளைவுட். அக்காவின் துணி அலமாரியில் நடுத்தட்டு அதே அளவில் இருந்ததைத் தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். தட்டு கொட்டகைக்கு வந்தது. புடவைகள் கட்டிலுக்குக் குடிபெயர்ந்தன. நீளக் கீல் ஒன்று அடித்து, இரண்டு பக்கமும் சங்கிலி கோத்ததும், என்னை ஏறி உட்காரச் சொன்னார்.

"டீ வைக்கிற மேசை மேல நான் எதுக்கு மாமா உக்காரணும்?"

"காட்டுல என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?"

கொட்டகையில் என்ன நடந்தது என்பது தெருவுக்கே தெரியும். கீல் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. பலகை என் கால் கட்டைவிரலைத் தேடிப்பிடித்து விழுந்தது. என் காலர் சிக்கிய ஒரு சங்கிலி மட்டும் அறாமல் நின்றது. அதில் நான் எட்டிய மட்டும் நுனிக்காலில் தொங்கிக்கொண்டிருக்க, மாமா என்னைச் சுற்றி வந்து, இழுத்துப் பார்த்து, "சங்கிலி பாஸ்" என்று அறிவித்தார்.

இத்தகைய சாதனைகள் குடத்துக்குள் விளக்காக இருந்துவிடுமா? முதலில் தேடி வந்தவர் அடுத்த தெருப் பல் டாக்டர். அவரிடமும் ஜீப் உண்டு, வெள்ளை. வானம் கறுத்தாலே உள்ளே விட்டுப் போர்த்திவிடுவார். பிறகு வந்தவர் வரி ஆலோசகர், அவரும் ஜீப்காரர். காட்டில் இருட்டு அதிகம் என்று கேள்விப்பட்டு நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டியவர், அதைப் பட்டப்பகலிலும் கழற்றுவதில்லை. அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறாரோ அவருக்குக் கண் கூசும். அதனால் அவருக்கு 'டார்ச்' என்று பெயர். இவர்கள் வந்ததும் 'பின்கதவுப் பேரவை' முறைப்படி உதயமாயிற்று. மாமா தலைவர். மற்ற இருவரும் துணைத் தலைவர்கள். பொது உறுப்பினர்கள் நான்.

"மூலையெல்லாம் உருண்டையா இருக்கணும்" என்று பல் டாக்டர் தொடங்கிவைத்தார். "கூரா எதையாவது பார்த்தா எனக்கு ராவணும்போலக் கை துருதுருங்குது."

"விளக்கு?" என்றார் டார்ச்.

"அதான் உங்க நெத்தியில இருக்கே" என்றேன்.

"நான் வரலைன்னா?"

கேள்வியின் கனத்தைச் சபை உணர்ந்தது. பிறகு விளக்கு ஏகமனதாக நிறைவேறியது. விளக்குக்கு பேட்டரி வேண்டும். பேட்டரி உட்கார ஒரு தட்டு வேண்டும். தட்டு வந்ததும் அதில் இடம் மிச்சமிருந்ததால் கத்தி மாட்ட ஒரு காந்தப் பட்டை வந்தது. கத்தி இருந்தால் காய் நறுக்குவோம். காயைக் கழுவ வேண்டாமா? தண்ணீர் கேன் வந்தது. கேனுக்குக் குழாய், குழாயின் கீழே தொட்டி, தொட்டியில் வெயில் படாமலிருக்க மடக்குக் குடை. எந்தக் கட்டத்திலும் தேவையில்லாத எதையும் நாங்கள் சேர்க்கவில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொன்றும், அதற்கு முன்னால் சேர்த்த தேவையில்லாததற்கு மிக அத்தியாவசியமாக இருந்தது.

கதவில் ஏற்கெனவே ஸ்டெப்னி டயர் வேறு தொங்கியது. இப்போது திறந்தால் கதவு தரையைப் பார்த்துச் சாய்ந்தது. அதைத் தூக்கிப் பிடித்து மூட ஓர் ஆள், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல ஓர் ஆள். திறந்த கதவைத் தாங்க இரும்பில் ஒரு முட்டுக்கால் செய்தார்கள். அது பின் இருக்கையில் படுத்துப் பயணம் செய்யும் என்று தீர்மானமாயிற்று.

"அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

"பேரவை பரிசீலிக்கும்" என்றார் மாமா.

இதற்கிடையில் அக்கா ஏரிக்குப் போக லீவு போட்டாள். அன்று வடிவமைப்பு 'இறுதிக் கட்டத்தில்' இருந்ததால், பிளைவுட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்த லீவைக் கழித்தாள். இன்னொரு தடவை போட்டாள். அன்று பெயின்ட் காயவில்லை.

"ஏங்க, இது எப்பத்தான் முடியும்?"

"முடியறதுன்னு இதுல ஒண்ணு கிடையாதும்மா. இது வளர்ந்துக்கிட்டே இருக்கிற விஷயம்."

"அப்ப எப்பப் போறோம்?"

"தயாரானதும்."

"யாரு?"

மாமா டிரில்லை அழுத்தியிருந்ததால் அந்தக் கேள்வி அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் நான் கொட்டகைக்குப் போனபோது அக்கா மட்டும் ஜீப்பில் இருந்தாள். ஓட்டுநர் இருக்கையில். கை ஸ்டியரிங் மேல்.

"என்னக்கா இங்க?"

"சும்மாதான்டா. கிளட்ச் எவ்வளவு கனம்னு பார்த்தேன்." கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிச்சம் இருக்கிற லீவு இந்த மாசத்தோட போயிடும். அது போனாப் போகட்டும். ஏரியும் எங்கயும் போயிடாது. போகணும்ங்கிற ஆசைதான் போயிடும்போல இருக்கு."

தம்பி என்ற முறையில் வருந்தினேன். சோதனை அதிகாரி என்ற முறையில், "மேசை வந்துடட்டும்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, எந்த நரம்பில் குத்தலாம் என்று தேடுவதுபோல இருந்தது.

ஒருவழியாக நாள் குறித்தாயிற்று. ஞாயிறு, திங்கள் இரண்டு நாள். திங்களுக்கு அக்கா தன் கடைசி லீவை எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளோடு வேலை பார்க்கும் நர்ஸம்மாவும், ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரைவரம்மாவும் வருவதாக ஏற்பாடு. வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டியது. காலையிலேயே பைகள் வாசலுக்கு வந்துவிட்டன. வழியனுப்பப் பேரவை முழு அளவில் கூடியிருந்தது. மாமா, "ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடறேன்" என்று தெருவைச் சுற்றிவந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"கிட்டு... கிட்டுன்னு. பின்கதவுல."

இதைவிட அவசரமான நிலைமை ஒன்று உண்டா? ஜீப் கொட்டகைக்குள் போனதும், வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய பண்பைப் பல் டாக்டர் பாராட்டினார்.

"ஆடுற பல்லு மாதிரிதான் இது" என்று அவர் விஷயத்துக்கு வந்தார். "மேலே ஆடும். பிரச்சினை வேர்ல இருக்கும்."

"விளக்கைப் போட்டா வருதா, அணைச்சா வருதா?" என்றார் டார்ச்.

"ரெண்டுலயும் வருது."

"அப்ப விளக்கு இல்ல" என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்தார்.

கீலா, தாழ்ப்பாளா என்று சபை இரண்டாகப் பிளந்தது. தாழ்ப்பாள் கட்சியில் பல் டாக்டர் தனியாக நின்று வீரமாகப் போராடினார். டீ ஆறி ஏடு கட்டியது. நாங்கள் விவாதித்த நேரத்தில் ஒரு வீட்டையே பிரித்து அடுக்கியிருக்கலாம். அப்போது வெளியே என்ஜின் உறுமியது. மாமா கையை உயர்த்தினார்.

"எல்லாரும் பேசாம இருங்க. கேளுங்க."

கேட்டோம்.

"கிட்டு வரலையே" என்றார் பல் டாக்டர்.

"நிக்கிறப்ப வராது. ஓடறப்பத்தான் வரும்."

"ஓடற மாதிரிதானே கேக்குது."

மாமா கண்ணை மூடி, வாளி மூடியைக் கேட்கிற காதால் கேட்டார். "ஆமா. ஓடுது. வரலை. குறையுது பாருங்க... நல்லா குறையுது... சுத்தமா நின்னுடுச்சு."

பல் டாக்டர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டார்ச் கட்டிப்பிடித்தார். "தானாவே செட் ஆயிருக்கு" என்று மாமா குரல் தழுதழுக்கச் சொன்னார். நானும் கைதட்டினேன். கைதட்டி ஓய்ந்த பிறகுதான் மாமாவின் முகத்தில் ஒரு யோசனை படர்ந்தது.

"ஆமா, வண்டியை யாரு ஸ்டார்ட் பண்ணது?"

கொட்டகை காலியாக இருந்தது. சுவரோரம் மேசை, தொட்டி, குழாய், குடை, விளக்கு, காந்தப் பட்டை, முட்டுக்கால் எல்லாம் பெரியதிலிருந்து சிறியதுவரை அழகாகச் சாத்திவைக்கப்பட்டிருந்தன. கழற்றிய போல்ட்டும் நட்டும் ஒரு சோப்பு டப்பாவில். பைகளைக் காணோம். அக்காவையும் காணோம்.

மாமா குனிந்து ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒரு மரை கெடலை" என்றார். அவர் குரலில் கோபமில்லை. தொழிற்சாலையில் நல்ல வாளி ஒன்று கைக்கு வந்தால் வருகிற குரல் அது. அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அவர் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. ஏரி. முன்னால், கண்ணாடி வரை சேறு பூசிய ஜீப். அதன் பக்கத்தில் ஒரு போர்வையை விரித்து மூன்று பெண்கள், ஆளுக்கொரு டம்ளருடன். யாரோ ஏதோ சொல்லி, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மாமா படத்தைப் பெரிதாக்கினார். பின்கதவு வரை பெரிதாக்கினார். பிறகு அவரை அறியாமல் விரல் நகர்ந்து அக்காவின் முகத்துக்கு வந்து நின்றது. ஃபோன் போட்டார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பேரவையில் ஒளிவுமறைவு கிடையாது.

"ஏம்மா, சத்தம் வந்துச்சா?"

"இல்லைங்க."

"எப்படி வராமப் போச்சு?"

"சத்தம் போடறதையெல்லாம் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்."

டார்ச் தன் நெற்றி விளக்கை அணைத்தார். அது அணைந்து நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை பொழுது சாய வண்டி திரும்பி வந்தது. மாமா வாசலிலேயே நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் ஒரு தூணருகே ஒதுங்கினேன். அவர் ஜீப்பை ஒரு முழுச் சுற்று சுற்றினார். சக்கரத்திலிருந்து கொஞ்சம் சேற்றைக் கிள்ளி, விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"எந்த இடத்துச் சேறு இது?"

"மேல ஒரு ஓடை இருக்கு. அதைத் தாண்டிப் போகணும்" என்றாள் அக்கா.

"தாண்டிச்சா?"

"முதல் தடவை வழுக்கிடுச்சு. டிரைவரம்மா சொன்ன மாதிரி கொஞ்சம் பின்னால வந்து, ஒரே மூச்சுல ஏத்தினேன்."

"நான் வந்திருந்தா..."

"வந்திருந்தா இறங்கிக் கோணம் பார்த்துக்கிட்டிருப்பீங்க."

மாமா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஜீப் வாங்கிய பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பின்கதவு அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை திரும்பப் போறோம்" என்றாள் அக்கா. "வர்றீங்களா?"

"மேசையை எடுத்துக்கலாமா?"

"மடியில வெச்சுக்கிறதா இருந்தா தாராளமா எடுத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேரவைக்குக் கிளம்பினேன். தெருமுனையில் ஜீப் என்னைக் கடந்து போனது. அக்கா ஓட்டினாள். பக்கத்தில் நர்ஸம்மா. பின்னால் டிரைவரம்மாவுக்குப் பக்கத்தில் மாமா, பின்கதவுக் கண்ணாடியில் மூக்கு அழுந்த என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனார். மடியில் எதுவும் இல்லை. ஊருக்குப் போகிற ஸ்கூல் பிள்ளையின் முகம்.

கொட்டகையில் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். செய்தியைச் சொன்னேன். பல் டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோடு இல்லாத இடத்துக்கா?"

"ஆமாம்."

"தலைவரே போயிட்டாரா?" அவர் மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். "இவரை நம்பித்தானே நான் வண்டியைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தேன்."

அந்தக் கணத்தின் துயரத்தை எழுத்தில் வடிக்க என்னால் முடியாது. காடு மலை செல்லும் வண்டிகளுக்கென்றே தோன்றிய ஒரு பேரவையின் தலைவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல் காட்டுக்கும் மலைக்கும் போய்விட்டார். இதைவிடக் கொள்கைத் துரோகம் வேறென்ன? நாங்கள் உணர்ச்சிவசப்படாமல், விதிமுறைப்படி, அவரை நீக்கினோம்.

புதிய தலைவர் யார் என்ற கேள்வி எழுந்தது. பல் டாக்டருடைய மனைவி இரண்டு நாளாக ஜீப் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஆகவே அவர் சந்தேகத்துக்கு இடமானவர். டார்ச்சின் மாமியார், அந்த ஏரிப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியும் அங்க ஏறுமா மாப்ள?" என்று கேட்டுவிட்டாராம். அவரும் ஆபத்தான கட்டத்தில் இருந்தார். எனவே ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என்னிடம் ஜீப் கிடையாது. ஓட்டவும் தெரியாது. எங்கேயும் போகாமல் இருப்பதற்கு இவ்வளவு முழுமையாகத் தயாரான தலைவர் ஒருவரைப் பேரவை இதுவரை கண்டதில்லை என்று பல் டாக்டர் என்னைப் புகழ்ந்து பேசியபோது, எங்கள் மூவருக்குமே கண் கலங்கிவிட்டது.